பணம் பெர்லினில், அனுமதி பிரஸ்ஸல்ஸில்: ஐரோப்பாவின் தொழில் கொள்கை, ஆரம்பத்திலிருந்து

2024 ஜனவரியில் ஜெர்மனி அரசுக்கு ஒரு அனுமதி கிடைத்தது. நாட்டின் வடகோடியில் ஹைடே என்கிற சின்ன ஊருக்குப் பக்கத்தில், நார்த்வோல்ட் என்ற ஸ்வீடன் கம்பெனி மின்சார கார்களுக்கான பேட்டரி ஆலை கட்டுவதாக இருந்தது. அதற்கு மானியமும் கடன் உத்தரவாதமுமாகச் சேர்த்து 90.2 கோடி யூரோ உதவி செய்ய ஜெர்மனி தயார். பணம் ஜெர்மானியர்கள் கட்டிய வரிப்பணம், ஆலை வரப்போவது அவர்கள் மண்ணில். ஆனாலும் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையம், அதாவது 27 நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு, தலையாட்டும்வரை அந்தப் பணத்தை எடுத்து நீட்ட முடியாது.

ஐரோப்பாவிலேயே பெரிய பொருளாதாரம், தன் பணத்தைத் தன் நாட்டிலேயே செலவழிக்க வேறு ஊருக்கு மனு போட வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி என்று தெரிந்துவிட்டால் ஐரோப்பாவின் தொழில் கொள்கை முக்கால்வாசி புரிந்துவிடும்.

முதலில் தொழில் கொள்கை என்றால் என்ன? எந்தத் தொழில் எங்கே வளர வேண்டும் என்பதைச் சந்தையே பார்த்துக்கொள்ளட்டும் என்று அரசு கை கட்டி நிற்காமல், இந்தத் தொழில் நம்மிடம் இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்து அதற்காக ஏதாவது செய்வதுதான். நேரடி மானியம் கொடுக்கலாம், குறைந்த வட்டிக் கடன், வரிச்சலுகை, வங்கிக் கடனுக்கு ஜாமீன், ஆராய்ச்சிக்குப் பணம் என்று எதுவும் செய்யலாம். இறக்குமதிக்கு வரி போடலாம், அரசே வாடிக்கையாளராகப் போய் நின்று முதல் ஆர்டரைக் கொடுக்கலாம். எல்லா நாடுகளும் ஏதோ ஒரு அளவில் இதைச் செய்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும்தான் இதைச் செய்வதற்கு முன்னால் பக்கத்து நாடுகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதன் வேர் 1957இல் இருக்கிறது. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் ரோம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, தங்களுக்குள் சுங்கவரி இல்லாத பொதுச் சந்தை அமைக்க முடிவு செய்தன. அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. சுங்கவரியை எடுத்துவிட்டோம் சரி, நாளைக்கு ஒரு நாடு தன் எஃகு ஆலைக்கு மட்டும் அள்ளிக் கொடுத்து, விலையைக் குறைத்து, பக்கத்து நாட்டு ஆலையைக் கவிழ்த்தால்? முன்வாசலில் எடுத்த வரியைப் பின்வாசல் வழியாகத் திரும்பக் கொண்டுவருவதுபோல் ஆகிவிடும். பதிலுக்கு அந்த நாடும் கொடுக்கும், போட்டி போட்டுக் கொடுத்து எல்லா கஜானாவும் காலியாகும், லாபம் கம்பெனிகளுக்கு. அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தார்கள்: போட்டியைக் குலைக்கிற அரசு உதவி பொதுச் சந்தைக்கு ஒவ்வாதது. இன்றைய ஒப்பந்தத்தில் அது 107ஆவது பிரிவு. அடுத்த பிரிவு, உதவி செய்ய நினைக்கும் அரசு முன்கூட்டியே ஆணையத்திடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும் என்கிறது.

எல்லா உதவியும் இதில் மாட்டாது. அரசின் பணமாக இருக்க வேண்டும், ஒரு சில கம்பெனிகளுக்கோ ஒரு தொழிலுக்கோ மட்டும் கிடைப்பதாக இருக்க வேண்டும், அதனால் போட்டியும் நாடுகளுக்கு இடையிலான வணிகமும் பாதிக்கப்பட வேண்டும். நாட்டில் உள்ள எல்லா நிறுவனத்துக்கும் வருமான வரியைக் குறைத்தால் யாரும் கேட்க முடியாது. ஒரே ஒரு நிறுவனத்துக்குக் குறைத்தால் கேட்பார்கள். அயர்லாந்தில் ஆப்பிள் அனுபவித்த வரி ஏற்பாடு இப்படித்தான் சிக்கியது. 2016இல் ஆணையம், அது மறைமுகமான அரசு உதவி, 1,300 கோடி யூரோவை ஆப்பிளிடமிருந்து வசூல் செய் என்று அயர்லாந்துக்கு உத்தரவு போட்டது. அயர்லாந்தோ பணமே வேண்டாம் என்று நீதிமன்றம் போனது! நடுவில் ஒரு முறை அயர்லாந்து ஜெயித்து, கடைசியில் 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தனக்கு வரவேண்டிய வரியை வாங்கமாட்டேன் என்று ஒரு அரசு எட்டு வருடம் வழக்கு நடத்தியது வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் குறைந்த வரியைக் காட்டி வெளிநாட்டு கம்பெனிகளை இழுப்பதுதான் அயர்லாந்தின் தொழில் கொள்கையே, அதை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை.

சின்னத் தொகைகளைக் கண்டுகொள்ளமாட்டார்கள். ஒரு நிறுவனத்துக்கு மூன்று வருடத்தில் 3 லட்சம் யூரோ வரை என்றால் அனுமதி கேட்கவே தேவையில்லை. அப்புறம் விதிவிலக்குகள், இவைதான் உண்மையில் முக்கியம். பின்தங்கிய பகுதி, ஆராய்ச்சி, சுற்றுச்சூழல், இயற்கைப் பேரிடர், பொருளாதாரத்தில் பெரிய குலுக்கல், பல நாடுகளுக்குப் பொதுவான முக்கியத் திட்டம் என்று காரணம் காட்டினால் அனுமதி கிடைக்கும். பெரும்பாலான உதவிகள் இந்த வாசல்கள் வழியாகத்தான் போகின்றன. ஆகவே சட்டத்தில் இருப்பது தடை, நடைமுறையில் இருப்பது நிபந்தனையோடு அனுமதி.

அந்த நிபந்தனைகள் எப்படி இருக்கும்? கொரோனா காலத்தில், 2020இல், லுஃப்தான்ஸா விமான நிறுவனத்தைக் காப்பாற்ற ஜெர்மனி 900 கோடி யூரோ திட்டம் போட்டது. ஆணையம் சரி என்றது, ஆனால் பிராங்பேர்ட், மியூனிக் விமான நிலையங்களில் விமானம் ஏறி இறங்க லுஃப்தான்ஸாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்த நேரங்களில் சிலவற்றைப் போட்டியாளர்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்றது. இத்தாலியின் அலிடாலியா கதை வேறு மாதிரி. பல காலமாக நஷ்டத்தில் ஓடிய நிறுவனம். 2017இல் அரசு அதற்கு 90 கோடி யூரோ கடன் கொடுத்தது. எந்தத் தனியார் வங்கியும் இந்த நிலையில் இருக்கும் நிறுவனத்துக்கு இப்படிக் கடன் கொடுத்திருக்காது, ஆகவே இது சட்டவிரோத உதவி, திரும்ப வாங்கு என்று 2021இல் ஆணையம் சொன்னது. அடுத்த மாதமே அலிடாலியா பறப்பதை நிறுத்தியது, ஐ.டி.ஏ. ஏர்வேஸ் என்ற புதிய அரசு நிறுவனம் பறக்க ஆரம்பித்தது. பழைய கடன் புதிய நிறுவனத்தைத் தொடராது என்று ஆணையமே ஏற்றுக்கொண்டது. அந்தப் புதிய நிறுவனம் அலிடாலியா என்ற பெயரையும் 9 கோடி யூரோவுக்கு வாங்கி வைத்துக்கொண்டது. சட்டம் கடுமையானதுதான், ஆனால் ஒரு அரசு மனது வைத்தால் வழி கிடைக்காமல் போவதில்லை.

சரி, இவ்வளவு கட்டுப்பாடு போட்டவர்கள் தொழிலுக்கு உதவி செய்து எதையாவது உருப்படியாக உருவாக்கியிருக்கிறார்களா? உருவாக்கியிருக்கிறார்கள், எல்லோரும் சொல்லும் உதாரணம் ஏர்பஸ்தான், ஆனால் அது ஏன் ஜெயித்தது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

1960களில் ஐரோப்பிய விமானத் தொழில் பரிதாபமான நிலையில் இருந்தது. தொழில்நுட்பம் இருந்தது, சந்தை இல்லை. பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து கான்கார்டைக் கட்டின. ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம், பார்க்க அழகு, ஆனால் மொத்தம் 20 விமானங்கள்தான் செய்தார்கள், பயணிகள் சேவையில் ஓட்டியது பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஏர் பிரான்ஸ் இரண்டு மட்டும், அவையும் அந்தந்த அரசின் நிறுவனங்கள். பொறியாளர்களுக்கு வெற்றி, கணக்குப்பிள்ளைக்குத் தோல்வி.

1970இல் பிரான்சும் ஜெர்மனியும் ஏர்பஸ்ஸைத் தொடங்கின, அடுத்த வருடம் ஸ்பெயினும் சேர்ந்தது. இந்த முறை கேள்வியே வேறு: விமான நிறுவனங்கள் எதை வாங்கும்? பதில், இரண்டே எஞ்சின், அகலமான உடல், குறைந்த எரிபொருள். அதுதான் ஏ300. 1974இல் சேவைக்கு வந்தது. உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. எழுபதுகளின் நடுவில் ஆர்டர் கிட்டத்தட்ட வரவே இல்லை, விற்காத விமானங்கள் துலூஸில் வரிசையாக நின்றன. 1977இல் அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸுக்கு நான்கு விமானங்களைச் சில மாதம் ஓட்டிப் பாருங்கள் என்று ஏறக்குறைய சும்மாவே கொடுத்தார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் எரிபொருள் கணக்கைப் பார்த்துவிட்டு 1978இல் 23 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அங்கிருந்துதான் கதை திரும்பியது. எண்பதுகளில் ஏ320 வந்தது, 2003இல் ஒரு வருடத்தில் ஒப்படைத்த விமானங்களின் எண்ணிக்கையில் ஏர்பஸ் முதல் முறையாக போயிங்கை முந்தியது. முதல் கையெழுத்திலிருந்து 33 வருடம்!

இதில் அரசின் பணம் எப்படி வந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். ஒரு புதிய விமானத்தை வடிவமைக்கும் செலவில் ஒரு பகுதியை அரசுகள் முன்பணமாகக் கொடுக்கும். விமானம் விற்க விற்க, ஒவ்வொரு விமானத்துக்கும் இவ்வளவு என்று ஏர்பஸ் திருப்பிக் கட்ட வேண்டும். விற்கவில்லையென்றால் நஷ்டம் அரசுக்கு. அதாவது தனியார் முதலீட்டாளர் தாங்கமாட்டாத அபாயத்தை அரசு ஏற்றது, ஆனால் ஜெயித்தால் பங்கு கேட்டது. அமெரிக்காவுக்கு இது பிடிக்கவில்லை. 2004இல் உலக வணிக அமைப்பில் வழக்குப் போட்டது; போயிங்குக்கு நீ கொடுப்பது மட்டும் என்ன என்று ஐரோப்பாவும் பதில் வழக்குப் போட்டது. இரண்டு பேர் மீதும் தப்பு இருக்கிறது என்பதுதான் முடிவு: 2019இல் அமெரிக்கா 750 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்களுக்கு வரி போடலாம் என்றார்கள், 2020இல் ஐரோப்பா 400 கோடி டாலர் அளவுக்குப் போடலாம் என்றார்கள், 2021இல் இருவரும் ஐந்து வருடத்துக்குச் சண்டையை நிறுத்திவைத்தார்கள்.

என் பார்வையில் ஏர்பஸ் ஜெயித்ததற்குப் பணத்தைவிடப் பெரிய காரணம், அது வெளியார் சந்தையில் விற்றே ஆகவேண்டிய நிலையில் இருந்ததுதான். சொந்த நாட்டு விமான நிறுவனங்களை மட்டும் நம்பியிருந்தால் இன்னொரு கான்கார்டு ஆகியிருக்கும். அதோடு, பல நாடுகள் பங்காளிகளாக இருந்ததால் ஒரு மந்திரி மாறினால் திட்டம் சாகும் என்ற நிலையும் இல்லை.

இதற்கு நேர் எதிர்க் கதை சூரிய மின்சாரம். 2000இல் ஜெர்மனி ஒரு சட்டம் கொண்டுவந்தது: வீட்டுக் கூரையில் சோலார் தகடு மாட்டி மின்சாரம் கொடுத்தால், அதற்கு 20 வருடத்துக்கு உத்தரவாதமான நல்ல விலை. செலவு மின்கட்டணத்தில் சேர்ந்து மக்களிடமிருந்து வந்தது, அரசு கஜானாவிலிருந்து அல்ல. இந்த நுணுக்கம் முக்கியம், ஏனென்றால் இதற்கு முந்தைய ஒரு சட்டம் பற்றிய வழக்கில், பணம் அரசிடமிருந்து வரவில்லை, ஆகவே இது அரசு உதவியே அல்ல என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2001இல் சொல்லியிருந்தது. தகடுகளுக்குக் கிராக்கி எகிறியது. கிழக்கு ஜெர்மனியில் க்யூ-செல்ஸ் போன்ற கம்பெனிகள் கிடுகிடுவென்று வளர்ந்தன, ஒரு கட்டத்தில் அதுதான் உலகிலேயே பெரிய சோலார் செல் உற்பத்தியாளர். ஆனால் சட்டம் தகடு வாங்குபவருக்குத்தான் பணம் கொடுத்தது, தகடு எங்கே செய்தது என்று கேட்கவில்லை. சீனாவில் பிரம்மாண்ட ஆலைகள் எழுந்தன, விலை சரிந்தது, 2012இல் க்யூ-செல்ஸ் திவாலாகி தென்கொரியாவின் ஹன்வா கைக்குப் போனது, 2017இல் இன்னொரு ஜெர்மன் கம்பெனியான சோலார்வேர்ல்டும் விழுந்தது. உலகம் முழுக்க இன்று சோலார் மலிவாகக் கிடைப்பதற்கு ஜெர்மன் குடும்பங்கள் கட்டிய மின்கட்டணமும் ஒரு காரணம். பூமிக்கு நல்லது செய்தார்கள், தொழில் கைவிட்டுப் போனது. பிரஸ்ஸல்ஸில் இன்று யாராவது பேட்டரி பற்றிப் பேசினால் பின்னணியில் இந்தச் சோலார் கதைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பயம் கொள்கையை மாற்ற ஆரம்பித்தது 2010களின் கடைசியில். ஜெர்மனியின் சீமென்ஸும் பிரான்சின் ஆல்ஸ்டமும் தங்கள் ரயில் தொழிலை இணைக்க முயன்றன. சீனாவின் அரசு ரயில் நிறுவனத்தை எதிர்க்க நமக்கும் ஒரு பெரிய கம்பெனி வேண்டும் என்று வாதாடினார்கள். 2019 பிப்ரவரியில், அப்போதைய போட்டி ஆணையர் மார்கரெத்தே வெஸ்டேகர் முடியாது என்றார், சிக்னல் கருவிகளிலும் அதிவேக ரயிலிலும் போட்டி குறைந்து விலை ஏறும் என்பது அவர் காரணம். இரண்டு வாரத்துக்குள் பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து ஐரோப்பாவுக்குப் புதிய தொழில் கொள்கை வேண்டும் என்று அறிக்கை விட்டன. அதே வருட இறுதியில் ஏழு நாடுகள் சேர்ந்து பேட்டரி துறைக்கு 320 கோடி யூரோ கொடுக்க ஆணையம் அனுமதித்தது, பல நாட்டுப் பொதுத் திட்டம் என்ற வாசல் வழியாக.

அப்புறம் கொரோனா, உக்ரைன் போர், எரிவாயு விலை என்று அடி மேல் அடி. விதிகள் தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டன. 2022 ஆகஸ்டில் அமெரிக்கா, பருவநிலை, எரிசக்தித் தொழில்களுக்கு சுமார் 36,900 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தது. அமெரிக்காவில் செய்தால் சலுகை, வெளியே செய்தால் இல்லை என்ற நிபந்தனைகளோடு. ஐரோப்பிய கம்பெனிகள் அட்லான்டிக்கைக் கடந்துவிடும் என்று பதறிய பிரஸ்ஸல்ஸ், 2023 மார்ச்சில் புது விதி ஒன்றைச் சேர்த்தது: வெளிநாடு ஒன்று கம்பெனிக்கு எவ்வளவு தருவதாகச் சொல்கிறதோ, அதே அளவு நீயும் கொடுக்கலாம். அந்த விதியை முதலில் பயன்படுத்திய திட்டம்தான் ஹைடே.

இந்த இடத்தில்தான் பிரச்சினையின் மையம் தெரியவரும். போர்க்கால விதிகளின் கீழ் 2022இல் ஆணையம் அனுமதித்த உதவி சுமார் 67,200 கோடி யூரோ. அதில் 53 சதவீதம் ஜெர்மனி கேட்டது, 24 சதவீதம் பிரான்ஸ். மீதி 25 நாடுகளுக்கும் சேர்த்து கால் பங்கைவிடக் குறைவு. (அனுமதித்ததெல்லாம் செலவாகிவிடவில்லை, அது வேறு.) கதவைத் திறந்துவிட்டால் யாரிடம் பணம் இருக்கிறதோ அவர்தான் உள்ளே போவார். பல்கேரியாவோ போர்ச்சுகலோ அனுமதி கிடைத்தாலும் எதைக் கொடுக்கும்? ஒன்றியத்தின் பொது பட்ஜெட், உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறத்தாழ 1 சதவீதம்தான், அதிலும் விவசாயமும் பின்தங்கிய பகுதிகளும் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே விதியைத் தளர்த்தும் அதிகாரம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது, காசு இல்லை. காசு பெர்லினிலும் பாரிசிலும் இருக்கிறது.

கொடுத்ததாவது பலித்ததா? நார்த்வோல்ட் 2024 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டது, 2025 மார்ச்சில் ஸ்வீடனில் முழுதாக விழுந்தது. வட ஸ்வீடனில் ஷெலெஃப்டியோவில் இருந்த முதல் ஆலையே திட்டமிட்ட அளவுக்கு நல்ல செல்களைச் செய்ய முடியாமல் திணறியது, தாமதம் பொறுக்காமல் பிஎம்டபிள்யூ 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது, அப்படித் திணறிக்கொண்டிருந்தபோதே கம்பெனி புதிய நாடுகளில் புதிய ஆலைகளை அறிவித்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் அரசு வங்கி அதற்குக் கொடுத்திருந்த சுமார் 60 கோடி யூரோ கடன் மாட்டிக்கொண்டது. ஒரே கம்பெனியின் மேல் ஒரு கண்டத்தின் நம்பிக்கையை ஏற்றிவைத்ததுதான் தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது, பேட்டரிக்கு உதவி செய்ததே தப்பு என்று தோன்றவில்லை.

சிப் விஷயமும் ஏறக்குறைய இதே மாதிரி. 2023இல் வந்த சிப் சட்டம், அரசும் தனியாரும் சேர்த்து 4,300 கோடி யூரோ, 2030க்குள் உலக உற்பத்தியில் 20 சதவீதம் என்று இலக்கு வைத்தது. ஒன்றியத்தின் தணிக்கை அமைப்பு 2025இல், அது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. மாக்டெபூர்க் நகரில் இன்டெல் 3,000 கோடி யூரோ ஆலை கட்ட, ஜெர்மனி அதில் மூன்றில் ஒரு பங்கை, சுமார் 990 கோடியைத் தர ஒப்புக்கொண்டிருந்தது. சொந்தக் கஷ்டத்தில் இருந்த இன்டெல் 2025 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. டிரெஸ்டனில் தைவானின் டிஎஸ்எம்சி, பாஷ், இன்ஃபினியான், என்எக்ஸ்பி மூன்றையும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு கட்டும் ஆலைக்கு 500 கோடி உதவி அனுமதியானது, அந்த வேலை நடக்கிறது. வித்தியாசத்தைக் கவனியுங்கள்: டிரெஸ்டனில் சிப்பை வாங்கப்போகும் கார் தொழில் பக்கத்திலேயே இருக்கிறது, அந்தத் தொழிலுக்குச் சரக்கு கொடுக்கும் கம்பெனிகளே பங்குதாரர்கள்.

இத்தனைக்கும் சிப் உலகில் ஐரோப்பாவிடம் ஒரு அசைக்க முடியாத பலம் இருக்கிறது. நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் செய்யும் அதிநுட்ப ஒளி அச்சு இயந்திரம் இல்லாமல் உலகில் யாரும் மிக நவீனமான சிப் செய்ய முடியாது. 1984இல் பிலிப்ஸும் ஏஎஸ்எம் இன்டர்நேஷனல் என்ற கம்பெனியும் கூட்டாகத் தொடங்கிய கம்பெனி அது. ஒரே நாளில் கொடுத்த பெரிய செக் எதுவும் அதை உருவாக்கவில்லை. பல பத்தாண்டு ஆராய்ச்சி நிதி, பெல்ஜியத்தில் அதே 1984இல் தொடங்கிய ஐமெக் ஆய்வு மையம், ஜெர்மனியின் ட்சைஸ் கண்ணாடிகள், அமெரிக்கத் தேசிய ஆய்வகங்களின் அடிப்படை வேலை என்று மெதுவாகச் சேர்ந்து வந்தது. ஆனால் ரிப்பன் வெட்டிப் புகைப்படம் எடுக்க இதில் ஒன்றும் இல்லை, அதனால் அரசியல்வாதிகளுக்கு ஆலைதான் பிடிக்கும்.

இதற்கிடையில் அதே கணக்கை வெளியாரிடமும் போட ஆரம்பித்துவிட்டார்கள். சீன மின்சார கார்களுக்கு அந்த நாட்டு அரசு எவ்வளவு உதவி செய்தது என்று கம்பெனி கம்பெனியாக எண்ணி, 2024 அக்டோபரில் கூடுதல் வரி போட்டார்கள்: பிஒய்டிக்கு 17 சதவீதம், அரசு நிறுவனமான எஸ்ஏஐசிக்கு 35.3 சதவீதம், வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல்.

இத்தாலியின் முன்னாள் பிரதமரும் ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவருமான மரியோ திராகி, 2024 செப்டம்பரில் கொடுத்த அறிக்கையில், ஐரோப்பா போட்டியில் நிற்க வருடத்துக்கு 75,000 முதல் 80,000 கோடி யூரோ கூடுதல் முதலீடு வேண்டும் என்றார். தனித்தனியாகக் கொடுக்காதீர்கள், சேர்ந்து கொடுங்கள், தேவையானால் சேர்ந்தே கடன் வாங்குங்கள் என்பதும் அதில் இருந்தது. எல்லோரும் அறிக்கையைப் பாராட்டினார்கள். 2025 ஜூனில் உதவி விதிகள் மறுபடி தளர்த்தப்பட்டன, இந்த முறை 2030 இறுதிவரை. பொதுக் கடன் பேச்சை மட்டும் ஜெர்மனியும் நெதர்லாந்தும் தொட விரும்பவில்லை.

2025 ஜூலையில் ஆணையம் 2028 முதல் 2034 வரையிலான பொது பட்ஜெட்டை முன்வைத்தபோது, அதில் போட்டித்திறன் நிதி என்று 40,000 கோடி யூரோவுக்குச் சற்று மேல் கேட்டிருக்கிறது. கிடைத்தால் தொழிலுக்குக் கொடுக்கப் பிரஸ்ஸல்ஸின் கையிலேயே முதல் முறையாகப் பெரிய பணம் இருக்கும். ஆனால் அந்த பட்ஜெட் நிறைவேற 27 நாடுகளும் ஒருமனதாக ஒப்புக்கொள்ள வேண்டும், அதில் அதிகம் கட்டப்போவது இப்போது தனியாகக் கொடுக்க வசதியுள்ள அதே ஜெர்மனிதான்.